கஜிமியெஷ் தோல்னி: ரை தானியம் கட்டிய ஆற்றங்கரை ஊர்

கேள்வி இது: போலந்தில் விஸ்துலா ஆற்றங்கரையில் இருக்கும் கஜிமியெஷ் தோல்னி என்ற ஊரில் மொத்தமே சுமார் 2,500 பேர்தான் இருக்கிறார்கள். அப்படியிருக்க, அங்கே சந்தைத் திடலைச் சுற்றி அரண்மனை மாதிரி வீடுகள் எப்படி வந்தன? அந்த ஊரின் வரலாறு என்ன?

ஒரே சொல்லில் பதில் வேண்டுமென்றால், தானியம். அந்த வீடுகளின் படங்கள்தான் எங்கும் கிடைக்கும். ஆனால் ஊரைப் புரிந்துகொள்ள, வீடுகளுக்கு முன்னால் ஆற்றோரக் கிடங்குகளைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. புவாவி நகருக்குப் போகும் சாலையில் 1591-ல் கட்டிய ஒரு தானியக் கிடங்கு இன்றும் நிற்கிறது. தடித்த சுண்ணாம்புக்கல் சுவர், சின்னச் சின்ன ஜன்னல்கள், உயரமான கூரை. இப்போது அதற்குள் இயற்கை அருங்காட்சியகம் நடக்கிறது. இன்னொரு கிடங்கு ஓட்டலாகிவிட்டது. ஒரு காலத்தில் இப்படிப் பல பத்துக் கிடங்குகள் கரையோரம் வரிசையாக நின்றன. மிஞ்சியவை கொஞ்சம்தான். ஊரில் சேர்ந்த பணமெல்லாம் அந்தக் கிடங்குகள் வழியாக வந்தது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். லூப்ளின் நகருக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர், வார்சாவுக்குத் தென்கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர். விஸ்துலா, போலந்துக்காரர்கள் வாயில் வீஸ்வா, 1,047 கிலோமீட்டர் ஓடி பால்டிக் கடலில் சேரும் ஆறு. தெற்கு மலைகளில் பிறந்து கிராக்கோவைத் தொட்டு வரும் அந்த ஆறு, இந்தப் பகுதியில் இரண்டு பக்கமும் மேடு எழும்பிய ஒரு குறுகிய பள்ளத்தாக்கைக் கடக்கிறது. கஜிமியெஷ் அதன் வலது கரையில், குன்றுகள் கொஞ்சம் விலகி இடம் விட்ட ஒரு மடிப்பில் உட்கார்ந்திருக்கிறது. குரோதாஷ் என்ற சின்ன ஓடை ஊருக்குள் ஓடி ஆற்றில் கலக்கிறது. கட்டுவதற்குக் கல் குன்றிலேயே கிடைத்தது. படகு கட்டக் கரை இருந்தது. பின்னால், லூப்ளின் மேட்டுநிலத்தில், போலந்தின் நல்ல விளைநிலங்கள்.

பழைய பெயர் வியெத்ஷ்னா கூரா. காற்றடிக்கும் குன்று என்று பொருள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீதிமான் என்று பெயர் பெற்ற கோமகன் இரண்டாம் கஜிமியெஷ், கிராக்கோவுக்கு அருகிலிருந்த நோர்பெர்ட்டின் கன்னியர் மடத்துக்கு இந்தக் குடியிருப்பைக் கொடுத்தார். அவர் நினைவாகக் கன்னியர்கள் ஊரின் பெயரை மாற்றினார்கள். ஆற்றின் மேல்பக்கத்தில் கிராக்கோவை ஒட்டி இன்னொரு கஜிமியெஷும் உருவானது. குழப்பம் வரக் கூடாதென்று இதற்கு ‘தோல்னி’ சேர்ந்தது. ‘கீழ்’ என்று அர்த்தம். நம் கீழூர், மேலூர் மாதிரிதான். ஊரை நகரமாக்கியவர் அதே பெயர் கொண்ட ஓர் அரசர்: 14-ஆம் நூற்றாண்டில் ஆண்ட மகா கஜிமியெஷ், அதாவது மூன்றாம் கஜிமியெஷ். கோட்டை அவர் காலத்தது. கோட்டைக்கு மேலே குன்றில் தனியாக நிற்கும் வட்டக் கோபுரம் அதைவிடப் பழையது என்பார்கள். சுமார் 20 மீட்டர் உயரம். அடிச்சுவரின் தடிமன் மட்டும் 4 மீட்டர். ஆற்றைக் கண்காணிக்கவும், கடந்து போகும் படகுகளிடம் வரி வாங்கவும் வசதியான இடம். 1406-ல் யகைவோ அரசர், ஜெர்மானிய மாக்டெபுர்க் சட்டமுறைப்படி ஊருக்கு உரிமைகள் கொடுத்தார். ஊர்ச் சபை, சந்தை, வணிகம் எல்லாம் அந்த முறைப்படி ஒழுங்கானது.

இனிதான் முக்கியமான கட்டம். 1466-ல் போலந்துக்கும் டியூட்டானிக் வீரத் துறவிகளுக்கும் நடந்த 13 ஆண்டுப் போர் முடிந்தது. விஸ்துலாவின் முகத்துவாரமும் கதான்ஸ்க் துறைமுகமும் போலந்து அரசரின் கீழ் வந்தன. மலையிலிருந்து கடல் வரை ஆறு ஒரே ஆட்சியின் கையில். அதே நேரம் மேற்கு ஐரோப்பாவின் நகரங்கள் பெருகிக்கொண்டிருந்தன, அங்கே ரொட்டிக்குத் தானியம் போதவில்லை. டச்சுக் கப்பல்கள் கதான்ஸ்க் வந்து ரையும் கோதுமையும் ஏற்றிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் போயின. உச்ச ஆண்டான 1618-ல் கதான்ஸ்கிலிருந்து கப்பலேறிய தானியம் ஒரு லட்சம் லாஸ்ட்டுக்கு மேல். லாஸ்ட் என்பது அன்றைய அளவு. ஒரு லாஸ்ட் இரண்டு டன்னுக்குச் சற்று அதிகம்.

கதான்ஸ்க் வரை அதைக் கொண்டுபோனது ஆறுதான். குளிர்காலத்தில் பண்ணைகளிலிருந்து மூட்டைகள் கஜிமியெஷுக்கு வந்து கிடங்குகளில் குவியும். வசந்தத்தில் பனி உருகி ஆறு நிரம்பும்போது படகுகள் கிளம்பும். பெரிய படகுக்கு ஷ்கூத்தா என்று பெயர். 30 மீட்டருக்கு மேல் நீளம், தட்டையான அடி, ஒரு பாய்மரம். 100 டன் வரை ஏற்றும், பதினைந்து இருபது பேர் வேலை செய்வார்கள். அதற்குக் கீழே துபாஸ், கோமியெங்கா என்று பல வகைகள். மரத்தெப்பங்களும் போயின. ஷ்கூத்தா திரும்பி வரும். சாதாரண வகைகளைக் கதான்ஸ்கில் பிரித்து, மரத்துக்கு விற்றுவிடுவார்கள். ஓட்டியவர்கள் கூலியை மடியில் கட்டிக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்கள். அவர்களுக்கு ஃபிலிசாக் என்று பெயர். தனிப் பேச்சு, தனிப் பாட்டு, முதன்முறை வருகிற இளைஞனுக்குச் சடங்கு என்று அது ஒரு முழு உலகம். மரத்தெப்பம் ஓட்டும் இந்த மரபை போலந்து உட்பட ஆறு நாடுகளின் பெயரில் 2022-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் போகக் கூடாது. அந்தத் தானியத்தை விளைவித்தவர்கள் பண்ணையடிமைகள். பிரபுக்களின் பண்ணைகளில் குடியானவர்கள் வாரத்தில் பல நாள் கூலியில்லாமல் உழைத்தார்கள். ஏற்றுமதி கூடக் கூட அந்தக் கட்டாய வேலை நாட்களும் கூடின. ஆம்ஸ்டர்டாமில் தானிய விலை ஏறினால், லூப்ளின் பக்கத்துக் குடியானவனின் வாரத்தில் இன்னொரு நாள் போனது. கஜிமியெஷின் சுதை வேலைப்பாடுகளை எவ்வளவு ரசித்தாலும், அவற்றின் கணக்கில் இந்த நாட்களும் இருக்கின்றன.

சரி, வீடுகளுக்கு வருவோம். சந்தைத் திடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகள்தான் எல்லாப் படங்களிலும் வருபவை. பிஷிபிவா குடும்பத்தின் இரண்டு சகோதரர்கள், மிகோவாய், கிஷிஷ்தோஃப், 1615-ல் கட்டியவை. கீழே வளைவுத் தாழ்வாரம். மேலே முகப்பு முழுக்க, விரல் வைக்க இடமில்லாமல், சுதையில் கொடிகளும் விலங்குகளும் மனித உருவங்களும். கூரையை மறைத்து எழும் அலங்காரக் கைப்பிடிச் சுவரே தனியாக ஒரு மாடி உயரம் இருக்கும். ஒவ்வொரு வீட்டிலும் உரிமையாளரின் பெயர்கொண்ட புனிதரின் பெரிய புடைப்புச் சிற்பம்: ஒன்றில் புனித நிக்கோலஸ், இன்னொன்றில் குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடக்கும் புனித கிறிஸ்டோபர். நிக்கோலஸ் வணிகர்களுக்கும் மாலுமிகளுக்கும் காவலர், கிறிஸ்டோபர் பயணிகளுக்குக் காவலர். ஆற்று வியாபாரம் செய்யும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர்கள் அமையாது. வேலைப்பாட்டை நெருங்கிப் பார்த்தால் உடலின் அளவுகள் கொஞ்சம் பிசகியிருக்கும், முகங்கள் நாட்டுப்புறச் சாயலில் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும். இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியை உள்ளூர்க் கைகள் தங்கள் வழியில் சொன்ன விதம் அது. பக்கத்துத் தெருவிலிருக்கும் செலெய் குடும்பத்து வீடும், 1630-களில், அதே மிடுக்கோடு எழுந்தது. இப்போது அது அருங்காட்சியகம்.

திடலுக்கு மேலே பங்குக் கோவில். 1561-ல் நடந்த தீவிபத்துக்கு அப்புறம், 1610 முதல் 1613 வரை அதைப் புதுப்பித்துக் கட்டினார்கள். வளைந்த கூரையின் உட்புறத்தில் கோடுகளாலும் நட்சத்திரங்களாலும் சுதை வலை பின்னியிருக்கும். லூப்ளின் மறுமலர்ச்சி என்று கலை வரலாற்றில் பெயர் பெற்ற பாணி இது. உள்ளே 1620-ல் ஷிமோன் லிலியுஷ் செய்த ஆர்கன் என்ற பெரிய குழலிசைக் கருவி இருக்கிறது, போலந்தின் மிகப் பழைய ஆர்கன்களில் ஒன்று. கோடையில் இன்றும் அதில் கச்சேரி நடக்கிறது. ஊரில் அரை மணி நேரம்தான் இருக்க முடியும் என்றால், அந்த அரை மணியை இந்தக் கோவிலுக்குள் செலவழியுங்கள் என்பேன்.

16-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1644 வரை ஊர் ஃபிர்லெய் பிரபு குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. எதிர்க்கரையில் யானோவியெட்ஸ் குன்றில் பெரிய கோட்டை மாளிகையைக் கட்டியதும் அவர்கள்தான். அந்தக் காலம் முடிந்து பன்னிரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரிந்தது. 1655-ல் சுவீடன் படை போலந்துக்குள் புகுந்தது, 1656-ல் கஜிமியெஷ் எரிந்தது. அப்புறம் கொள்ளைநோய்கள். ஊருக்கு மேலே மூன்று மரச்சிலுவைகள் நிற்கும் குன்று ஒன்று உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோயில் இறந்தவர்களின் நினைவாக நட்டவை என்பது ஊர் வழக்கு. மேற்கு ஐரோப்பா மெல்ல மெல்ல வேறு இடங்களிலும் தானியம் வாங்கத் தொடங்கியது. ஆற்றின் ஓட்டமும் இந்தக் கரையை விட்டு விலகியது. கடைசி அடி 1772-ல் விழுந்தது. அண்டை வல்லரசுகள் போலந்தைப் பங்குபோட்ட முதல் பிரிவினையில் ஆற்றின் கீழ்ப்பகுதியை பிரஷ்யா எடுத்துக்கொண்டு, கதான்ஸ்க் போகும் சரக்குக்குக் கடுமையான சுங்கம் போட்டது. 1793-ல் கதான்ஸ்கும் பிரஷ்யாவிடம் போனது. கடலுக்குப் போகும் கதவு மூடிய பிறகு கிடங்குகளுக்கு என்ன வேலை?

ஊர் 1795-ல் ஆஸ்திரியாவிடம் போனது, 1809-ல் வார்சா டச்சியில் சேர்ந்தது, 1815-க்குப் பிறகு ரஷ்யப் பேரரசரின் கீழ் வந்தது. 1831 ஏப்ரலில் கிளர்ச்சியாளர்களுக்கும் ரஷ்யப் படைக்கும் ஊரிலேயே சண்டை நடந்தது, கிளர்ச்சித் தளபதி யூலியுஷ் மவாஹோவ்ஸ்கி அதில் உயிர்விட்டார். ரஷ்ய ஆட்சிக்கு எதிரான 1863 எழுச்சிக்குப் பின் நகரம் என்ற தகுதியே போய்விட்டது, திரும்பக் கிடைத்தது 1927-ல். 1877-ல் வந்த ரயில்பாதை புவாவி வழியாகப் போனது, கஜிமியெஷைத் தொடவில்லை. இன்றுவரை இங்கே ரயில் நிலையம் கிடையாது. புதிதாகக் கட்டப் பணமில்லாததால் பழைய வீடுகளை யாரும் இடிக்கவில்லை. அப்படித்தான் 1615-ன் முகப்புகள் தப்பின.

அந்த வறுமைக் காலத்தில் ஊரை உயிரோடு வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் யூதர்கள். நடுக்காலத்திலிருந்தே அவர்கள் இங்கே உண்டு. மகா கஜிமியெஷ் அரசர் எஸ்தெர்க்கா என்ற யூதப் பெண்ணைக் காதலித்தார், அவளுக்காகப் பக்கத்து பொஹோத்னித்ஸாவில் கோட்டை கட்டினார், இரண்டு கோட்டைக்கும் நடுவே சுரங்கப்பாதை இருந்தது என்ற கதையை யூதர்களும் சொல்வார்கள், கிறிஸ்தவர்களும் சொல்வார்கள். சுவீடன் போருக்குப் பின் ஊரை மறுபடி எழுப்ப, யான் சோபியெஸ்கி அரசர் யூத வணிகர்களுக்கு உரிமை கொடுத்தார். யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில் ஊரின் பெயர் குஸ்மிர். 19-ஆம் நூற்றாண்டில் குஸ்மிர் என்றால் போலந்து யூதர்களுக்கு நினைவுக்கு வந்தது ஒரு குரு: எகெஸ்கேல் தௌப். யூத பக்தி இயக்கமான ஹசிதிய மரபைச் சேர்ந்தவர், 1856-ல் மறைந்தார். சொற்களில்லாத இராகமாகவே கடவுளை அணுகும் பாடல் முறைக்கு இவர் பெரிய இடம் கொடுத்தார். புதுப் பாட்டு இல்லாத ஓய்வுநாளில் ஓய்வுநாளின் சுவையே தெரிவதில்லை என்று அவர் சொன்னதாக ஒரு மரபு. அவர் வழிவந்த மோட்சிட்ஸ் மரபினர் இன்றும் உலகெங்கும் அந்த இசைக்காகவே பெயர் பெற்றவர்கள். ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பெரிய திடலுக்குப் பின்னால் சின்னத் திடல் ஒன்று உண்டு. யூதர்களின் வாழ்க்கை அங்கேதான். 18-ஆம் நூற்றாண்டின் தொழுகைக் கூடமும், மரத்தில் கட்டிய கோஷெர் (யூத மத விதிப்படியான) இறைச்சிக் கடைகளும் அங்கே இருந்தன. 1930-களில் யித்திஷ் மொழிப் படங்களை எடுக்க இந்தத் தெருக்களுக்கே வந்தார்கள். அந்தப் படச்சுருள்களில் தெரியும் ஊர் முகங்கள், சில ஆண்டுகளில் அழிக்கப்படவிருந்தவர்களின் முகங்கள்.

ஓவியர்கள் வந்ததும் வறுமையின் அழகைத் தேடித்தான். 1909-ல் விவாதிஸ்வாவ் ஷ்லெவின்ஸ்கி மாணவர்களோடு வந்தார். திடலின் நடுவில் மரச்சில்லுக் கூரை போட்ட கிணற்றுக்கு 1913-ல் வடிவம் கொடுத்தவர் யான் கோஷ்சித்ஸ் வித்கியெவிச் என்ற கட்டடக் கலைஞர். பலர் அதை நானூறு ஆண்டுப் பழைய கிணறு என்று நினைக்கிறார்கள். 1920-களில் வார்சா நுண்கலைப் பள்ளிப் பேராசிரியர் ததேவுஷ் புருஷ்கோவ்ஸ்கி ஒவ்வொரு கோடைக்கும் மாணவர்களை இங்கே அழைத்து வரத் தொடங்கினார். அவருடைய மாணவர்கள் 1925-ல் புனித லூக்காவின் சகோதரத்துவம் என்ற குழுவை அமைத்தார்கள். பழைய கைவினைச் சங்கங்கள் மாதிரியே, பயிற்சி முடித்தவனை ‘விடுவிக்கும்’ சடங்கை ஊர் கூடிப் பார்க்க நடத்தினார்கள். 1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக போலந்து வரலாற்றை ஏழு ஓவியங்களாக இந்தக் குழுவே கூட்டாக வரைந்தது, அதுவும் கஜிமியெஷில். போர் மூண்டதால் ஓவியங்கள் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டன. சிரக்யூஸ் நகரக் கல்லூரி ஒன்றில் பல பத்தாண்டுகள் இருந்து, 2022-ல்தான் போலந்து திரும்பின. புருஷ்கோவ்ஸ்கி அவற்றை மறுபடி பார்க்கவில்லை. 1942-ல் வார்சாவில் ஜெர்மானியர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் ஊரின் யூதர்களைக் கெட்டோ என்ற தனி ஒதுக்குப் பகுதிக்குள் அடைத்தார்கள். 1942 மார்ச்சில் அவர்களை ஓபோலே லூபெல்ஸ்கியே வழியாக பெவ்ஜெட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். குன்றின் மேலிருக்கும் பிரான்சிஸ்கன் மடத்தில் நாஜி ரகசியப் போலீஸான கெஸ்டாபோ அலுவலகம் போட்டது. யூதக் கல்லறைக் கற்களைப் பிடுங்கி, அந்த மடத்து முற்றத்தில் பாவு கற்களாகப் பதித்தார்கள். பூட்ஸ் கால்கள் நடப்பதற்கு.

போர் முடிந்தபோது ஊரில் பல கட்டடங்கள் இடிந்து கிடந்தன. 1944 கோடையிலிருந்து 1945 ஜனவரி வரை போர்முனை விஸ்துலாவிலேயே நின்றிருந்தது. மறுகட்டுமானத்தைக் கையிலெடுத்தவர் காரோல் சிச்சின்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர். இன்று ‘பழமையான கஜிமியெஷ்’ என்று நாம் பார்ப்பதில் பெரும்பங்கு அவர் கைவேலை. அதே சுண்ணாம்புக்கல், அதே கூரைச் சரிவு, தெருவின் அதே வளைவு. எது பழசு எது புதுசு என்று தெரியாதபடி கட்டினார். தொழுகைக் கூடத்தை 1953-ல் அவர் மறுபடி எழுப்பியபோது அது சினிமா கொட்டகையாக எழுந்தது, பெயர் ‘வீஸ்வா’. தொழ ஆள் இல்லை. 2003-ல்தான் கட்டடம் வார்சா யூதச் சமூகத்திடம் திரும்பியது.

1994 செப்டம்பரில் போலந்து அரசு முதன்முறையாக ‘வரலாற்று நினைவுச் சின்னம்’ என்ற உயர்ந்த தகுதியை அறிவித்தபோது, அந்த முதல் பட்டியலிலேயே கஜிமியெஷ் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் இறுதியில் நாட்டுப்புற இசைக் குழுக்களின் விழா, 1967 முதல். ‘இரண்டு கரைகள்’ என்ற திரைப்பட விழா 2007 முதல், யானோவியெட்ஸையும் சேர்த்து. தெருவெங்கும் சேவல் வடிவ ரொட்டி விற்பார்கள். சாத்தான் ஊரின் சேவல்களை எல்லாம் தின்று தீர்த்தான், கடைசிச் சேவல் மட்டும் ஓடைப்பள்ளத்தில் ஒளிந்து தப்பித்தது என்பது அதன் கதை.

அந்த ஓடைப்பள்ளங்கள் கதையல்ல. பனியுகத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மெல்லிய மஞ்சள் மண், லோயஸ், இங்கே மேட்டுநிலத்தைப் போர்த்தியிருக்கிறது. காய்ந்தால் சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கும், தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும். வண்டிச் சக்கரம் கிழித்த தடத்தை மழை அரித்து அரித்து, பாதைகள் ஆளை மூழ்கடிக்கும் பள்ளங்களாகிவிட்டன. சில இடங்களில் ஒரு சதுர கிலோமீட்டருக்குள் இப்படி 10 கிலோமீட்டர் நீளப் பள்ளங்கள் உண்டு. ஐரோப்பாவிலேயே மிக அடர்ந்தவற்றில் ஒன்று இந்த வலைப்பின்னல். கோஷெனியோவி தூவ் என்ற பள்ளத்தில் இரு பக்கமும் மரவேர்கள் அந்தரத்தில் தொங்கும். மேட்டுநிலத்து வண்டிகள் ஆற்றை நோக்கி இறங்கியது இப்படிப்பட்ட பாதைகளில்தான்.

போக நினைப்பவர்களுக்கு: புவாவி வரை ரயில், அங்கிருந்து பேருந்து. கோடை வார இறுதிகளைத் தவிர்த்துவிடுங்கள், திடலில் நிற்க இடமிருக்காது. திடலிலிருந்து கால்நடையாகவே செர்னியாவி என்ற இடத்துக்குப் போகலாம். மடத்து முற்றத்திலிருந்து மீட்ட கல்லறைக் கற்களைக் கொண்டு, அங்கிருக்கும் பழைய யூத இடுகாட்டில் 1984-ல் ததேவுஷ் அவ்குஸ்தினெக் ஒரு சுவர் எழுப்பினார். நூற்றுக்கணக்கான துண்டுகள். பல கற்களில் உடைந்த மெழுகுவர்த்தி, சிங்கம், ஆசீர்வதிக்கும் கைகள். நடுவில் சுவரை மேலிருந்து கீழ்வரை இரண்டாகப் பிளக்கும் ஒரு விரிசல். அதன் வழியாக உள்ளே போனால் பின்னால் காடு, காட்டுக்குள் பிடுங்காமல் விட்ட சில கற்கள் இன்னும் அதே இடத்தில் சாய்ந்து நிற்கின்றன.

அப்புறம் ஆற்றுக்கு வாருங்கள். கோடையில் யானோவியெட்ஸ் கரைக்குப் படகுத்துறை இயங்கும். நடு ஆற்றில் திரும்பிப் பார்த்தால் கோபுரமும் கோவிலும் தெரியும். கதான்ஸ்கிலிருந்து நடந்தே திரும்பிய ஃபிலிசாக், தன் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டது அந்தக் கோபுரத்தைப் பார்த்துத்தான்.